யார் செய்த பாவம் இந்தத் துரு?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கோதுமை விவசாயி ஒரு முடிவெடுத்தாக வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டுமென்றால் மாதத்தின் முதல் பாதியிலேயே விதை மண்ணுக்குள் போக வேண்டும். கடும்பனிக்கு முன் பயிர் தழைத்துவிடும். குளிர்காலத்தில் மாடுகள் மேயும். வசந்தம் தொடங்கும்போது மாட்டை ஓட்டிவிட்டால் அதே பயிர் கதிர்விட்டு ஜூன் மாதம் அறுவடைக்கு வரும். ஒரு விதைப்பில் இரண்டு வருமானம். ஆனால் முந்தி விதைத்த வயலைத்தான் நோயும் முந்தித் தேடி வரும். கோடைச் சூடு தணியாத மண்ணில் முளைத்த இளம்பயிரில் அசுவினி ஏறும், ஹெஸ்ஸியன் ஈ முட்டையிடும், மில்லிமீட்டரில் கால் பங்கே உள்ள ஒரு சிலந்திப்பேன் காற்றில் வந்து இறங்கும்.

அந்தப் பேன் சுமந்து வருவது கோதுமையின் வரித் தேமல் வைரஸ். இலையுதிர் காலத்தில் தொற்றினால் வசந்தத்தில்தான் இலைகளில் மஞ்சள் கோடுகளாக வெளிப்படும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வைரஸுக்கு மருந்து கிடையாது. சுருண்ட இலைக்குள் ஒளிந்துகொள்ளும் பேனையும் மருந்தடித்துத் தீர்க்க முடிவதில்லை. 2017இல் கன்சாஸில் மட்டும் இந்த நோயால் 7.68 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். ஆகவே விவசாயியின் கையில் மிஞ்சியிருப்பது சரியான ரகமும் சரியான நாளும்தான். நெப்ராஸ்காவில் உருவான மேஸ், கன்சாஸில் உருவான ரான்எல், ஜோ போன்ற ரகங்களுக்கு இந்த வைரஸை எதிர்க்கும் மரபணு உண்டு. ஆனால் அந்த மரபணுக்கள் 18 டிகிரி செல்சியஸ் அளவில் நன்றாக வேலை செய்யும். 24 டிகிரியை எட்டினால் தளர்ந்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தின் வெயிலில், காவல் மிகவும் தேவைப்படும் நாள்களிலேயே, காவலாள் அசந்துபோகிறார். நல்ல ரகத்தை வாங்கியாயிற்று, இனி எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று இருந்துவிட முடியாது.

இதுவரை இது வேளாண்மைக் கணக்கு. பேன் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடன் கணக்கு வேறாகிவிடுகிறது. அறுவடைக்குச் சற்று முன் ஆலங்கட்டி மழை பெய்து மணிகள் உதிர்ந்திருக்கும். அவை கோடையில் தாமாகவே முளைத்து, பழைய பயிருக்கும் புதிய பயிருக்கும் நடுவே ஒரு பச்சைப் பாலம் போட்டுவிடும். பேனும் வைரஸும் அதில் தங்கிப் பிழைத்து, புதுப் பயிர் முளைத்ததும் அங்கே குடிபெயரும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பாகவே, அரை மைல் தொலைவுக்குள் தானே முளைத்த கோதுமை எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அங்குள்ள வேளாண் அறிஞர்களின் அறிவுரை. அரை மைல் என்பது பல நேரங்களில் அடுத்தவர் நிலம். தன் வயலைச் சுத்தம் செய்யாமல் விட்டவர், மேய்ச்சலுக்காக மிக முந்தி விதைத்தவர், பழைய ரகத்தையே இன்னும் நம்பியிருப்பவர், இவர்கள் மூவரும் அடுத்தவர் வயலுக்குத் தீங்கு செய்தவர்களா? தீங்கு செய்யும் எண்ணம் துளியும் இல்லாதபோது அதை என்னவென்று சொல்வது?

கன்சாஸில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அங்கே இலையுதிர் காலத்தில் விதைக்கும் கடினச் சிவப்புக் கோதுமை வேரூன்றியதே ஒரு சமயக் குழுவின் மனசாட்சியால்தான். ஜெர்மன் மொழி பேசிய மென்னோனைட் கிறிஸ்தவர்கள் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில், இன்றைய உக்ரைனில், விவசாயம் செய்துவந்தார்கள். ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கையின் ஆணிவேர். கட்டாய ராணுவ சேவையிலிருந்து அவர்களுக்கு இருந்த விலக்கை ரஷ்ய அரசு 1870களில் பறிக்க முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பி 1874 முதல் கன்சாஸுக்கு வந்து சேர்ந்தார்கள். கூடவே வந்தது ‘டர்க்கி’ என்று பின்னாளில் பெயர்பெற்ற குளிர்காலக் கோதுமை. குளிரையும் வறட்சியையும் தாங்கிய அந்த விதை அந்தச் சமவெளியின் முகத்தையே மாற்றியது. அயலானுக்கு எதிராகக் கை ஓங்கமாட்டோம் என்பதற்காகக் கடல் கடந்த மனிதர்கள் அவர்கள். ஆயுதம் ஏந்தாத கையாலும், காற்றின் வழியே, அயலான் பயிரை அழிக்க முடியும் என்பதை அவர்களுடைய மறையியல் யோசித்திருக்க வாய்ப்பில்லை. அன்று யாருக்கும் அது தெரியாது.

தெரியாத காலத்தில் மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கோதுமை நோய்க்குக் காரணம் தேடிய வரலாறு, பெரும்பாலும் பாவம் யாருடையது என்று தேடிய வரலாறுதான். நோய்களில் மிகப் பழையதும் கொடியதும் துரு. இலையிலும் தண்டிலும் இரும்புத் துருவைப் போன்ற தூள் பொங்கும். தொட்டால் விரலில் ஒட்டும். மணி சுருங்கிப் பதராகும். ரோமானியர்கள் அதை ரோபிகஸ் என்ற தெய்வத்தின் சினம் என்று கொண்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று நகருக்கு வெளியே ஒரு தோப்புக்கு ஊர்வலமாகப் போய் நாயைப் பலியிட்டு, துருவே எங்கள் பயிரை விட்டுவிடு என்று வேண்டினார்கள். ஓவிட் என்ற கவிஞர் தம் ‘ஃபாஸ்டி’ நூலில் அந்தச் சடங்கைப் பதிவு செய்திருக்கிறார். ரோம் கிறிஸ்தவமானபின் பலி நின்றது. அதே ஏப்ரல் 25 அன்று வயல்களை ஆசீர்வதிக்கும் ஊர்வலம் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தது.

எபிரேய மறைநூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆமோஸ், ஆகாய் என்ற இறைவாக்கினர்களின் நூல்களில் பயிரைக் கருக்கும் நோய் கடவுளின் எச்சரிக்கையாக வருகிறது. ரோமானியரின் தெய்வத்துக்குப் பசி. பலி கொடுத்தால் போதும். இறைவாக்கினர்களின் கடவுள் கேட்டது மனமாற்றத்தை. பயிர் கருகினால் மனிதர் தம் நடத்தையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே அழுத்தமாக எழுகிறது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 1820களின் இறுதியிலும் 1830களின் தொடக்கத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கில் கோதுமையைத் துரு அழித்தது. அந்தப் பகுதியில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி வில்லியம் ஸ்லீமன் 1844இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில் அதை விரிவாக எழுதினார். மைல் கணக்கில் விரிந்த விளைநிலத்தை அறுக்கவே ஆளில்லாமல் விட்டுவிடும் அளவுக்கு அழிவு. மக்கள் சொன்ன காரணங்களையும் அவர் குறித்துவைத்தார். கும்பினி ஆட்சியில் பிறர்மனை விழைவது பெருகிவிட்டது என்றார்கள் சிலர். வரிக்காக மண்ணைத் திரும்பத் திரும்ப அளந்தது குற்றம் என்றார்கள் வேறு சிலர். பட்டாளத்தார் மாட்டிறைச்சி தின்றதால் வந்தது என்றும் ஒரு பேச்சு. மண்ணை அளந்த அரசின் மீதான கோபம் அந்தப் பட்டியலில் ஒளிந்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. காரணம் தவறு, ஆனால் எங்கோ எவரோ செய்த காரியத்துக்கு இங்கே எங்கள் பயிர் பலியாகிறது என்ற உணர்வு இருக்கிறதே, அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது அவசர முடிவு.

அறிவியல் முதலில் செய்தது விடுதலை. 1767இல் இத்தாலியின் டஸ்கனியில் ஃபெலிசே ஃபொண்டானாவும் ஜியோவன்னி தர்ஜியோனி தொஸ்ஸெட்டியும், துரு என்பது பயிர்மேல் வாழும் ஓர் உயிர் என்று தனித்தனியே எழுதினார்கள். முந்திய ஆண்டுதான் அங்கே பயிர் பெருமளவில் அழிந்திருந்தது. நுண்ணோக்கியின் கீழே சினமும் இல்லை, சாபமும் இல்லை. பூசணம் ஒன்று தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே விவசாயிகள் ஒன்றைக் கண்டுவைத்திருந்தார்கள். வேலியில் பெர்பெரி என்ற முட்புதர் இருந்தால் பக்கத்துக் கோதுமையில் துரு அதிகம். பிரான்சின் ரூவான் பகுதியில் 1660இலேயே அந்தப் புதரை அகற்றச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் 1726இல் அப்படிச் செய்தது. கற்றவர்கள் நீண்ட காலம் இதைக் குடியானவர் கற்பனை என்றே கருதினார்கள். 1865இல் ஜெர்மானியர் ஆன்டன் டி பாரி, கருந்துருப் பூசணம் தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கோதுமையிலும் மறு பகுதியைப் பெர்பெரியிலும் கழிக்கிறது என்று நிறுவினார். குடியானவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அமெரிக்கா 1918இல் தொடங்கிப் பல்லாண்டுகள் பாடுபட்டுக் கோடிக்கணக்கான புதர்களை வேரோடு பிடுங்கியது. அந்தப் புதர் சாயத்துக்கும் ஜாமுக்கும் பயன்பட்ட, ஒரு வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த வேலி. அவருக்கு அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் வெட்டச் சொன்னார்கள், அடுத்த வயலுக்காக. பாவம் என்ற சொல் போய்விட்டது. பொறுப்பு என்ற ஒன்று அந்த இடத்தில் வந்து அமர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பலரும் அறியாத இடம்.

ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய கரம்சந்த் மேத்தா 1920களில் ஒரு புதிரைக் கையில் எடுத்தார். வட இந்தியச் சமவெளியில் கோதுமை அறுவடை முடிந்ததும் வெயில் கொளுத்தும். அந்த வெயிலில் துருவின் வித்துக்கள் பிழைப்பதில்லை. பிறகு அடுத்த பருவத்துப் பயிருக்குத் துரு எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவைப் போல இங்கேயும் பெர்பெரிதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. இமயமலையில் அந்தப் புதர் உண்டு; நீலகிரியில் ஊசிக்களா என்று மக்கள் அழைப்பதும் அதே பேரினம். மேத்தா ஆண்டுக்கணக்கில் மலை ஏறி இறங்கி, காற்றில் மிதக்கும் வித்துக்களைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்துப் பார்த்தார். இந்தியாவில் பெர்பெரி குற்றவாளி இல்லை என்று 1940 வாக்கில் அவருடைய ஆய்வு நூல்கள் காட்டின. கோடையிலும் மலைகளில் பச்சையாக நிற்கும் கோதுமையும் தானே முளைத்த செடிகளும்தான் துருவுக்கு அடைக்கலம். மஞ்சள் துருவுக்கு இமயமலை. இலைத் துருவுக்கு இமயமலையும் தெற்கு மலைகளும். தண்டைத் தாக்கும் கருந்துருவுக்கு நீலகிரியும் பழனி மலையும். பின்னாளில் எஸ். நாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பாதையைத் துல்லியமாக வரைந்தார்கள். நவம்பர் மாதம் வங்கக் கடலில் புயல் எழும்போது, தெற்கு மலைகளில் திரண்டிருக்கும் வித்துக்கள் மேலெழும்பி, நூற்றுக்கணக்கான மைல் கடந்து, மத்திய இந்தியாவில் மழையோடு பயிர்மேல் இறங்குகின்றன. நமக்குக் குடை பிடிக்கவைக்கும் அதே புயல்தான் வாகனம்.

நர்மதைப் பள்ளத்தாக்கின் மக்கள் தேடிய அந்த ‘எங்கோ எவரோ’ யார் என்பதற்கு இப்போது ஒரு விடை கிடைக்கிறது. குன்னூரில் இரண்டு ஏக்கரில் கோதுமை போட்ட ஒருவர். அவருக்கு ஜபல்பூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்ததெல்லாம் தன் பாட்டன் விதைத்த ரகத்தையே விதைத்தது.

அவரவர் வினை அவரவரையே சேரும் என்பது நம் மரபில் ஆழ ஊன்றிய நம்பிக்கை. நல்லதோ கெட்டதோ, செய்தவரே பயனை அனுபவிப்பார். துரு இந்த ஒழுங்கைக் கலைத்துப் போடுகிறது. வினை ஒருவர் செய்ய, பயன் இன்னொருவர் வயலில் விளைகிறது. செய்தவருக்குச் சேதம் சிறிது, தொலைவில் இருப்பவருக்கு முழு அழிவு. வினைக் கோட்பாட்டை இது பொய்யாக்கிவிட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தனி ஒருவரின் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதியை எடைபோட முடியாது என்பதை அது காட்டிவிடுகிறது. ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட பொறுப்புணர்வு பற்றிய நூலில் இதையே வேறு கோணத்தில் வாதிட்டார். பழைய அறநெறிகள் எல்லாம் முகம் பார்த்துப் பேசக்கூடிய அயலானை மனத்தில் வைத்து எழுந்தவை. இன்று நம் செயலின் விளைவோ கண்ணுக்கு எட்டாத இடத்துக்கும் இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் போகிறது. ஆகவே பொறுப்பும் அந்தத் தொலைவுக்குப் போக வேண்டும் என்பது அவர் நிலை. அவர் அணுசக்தி முதலான பெரிய தொழில்நுட்பங்களை எண்ணி எழுதினார். ஒரு கோதுமை ரகத்தின் விதை மூட்டைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

நீலகிரியில் அந்தப் பொறுப்பு செயலாகவும் ஆனது. மலையில் கோடைப் பயிரைக் கைவிடுவது, தானே முளைத்ததை அழிப்பது போன்ற வழிகளை மேத்தா முன்வைத்திருந்தார். ஆனால் உழவரிடம் உழாதே என்று சொல்வதைவிட நல்ல விதையைக் கொடுப்பது மேல். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெலிங்டனில் ஒரு நிலையத்தை நிறுவியது. மூன்று வகைத் துருவும் இயற்கையாகவே ஆண்டு முழுதும் காணக் கிடைக்கும் அந்த இடத்தில் எதிர்ப்புத்திறனைச் சோதிக்கச் செயற்கையாக நோயைப் பரப்ப வேண்டிய தேவையே குறைவு. அங்கே உருவான கோதுமைகளுக்கு எச்.டபிள்யூ என்ற முன்னெழுத்து. நம் வீடுகளில் சம்பா கோதுமை என்று அறியப்படும் பழைய இனத்திலிருந்து வந்த எச்.டபிள்யூ 1098, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெளியிட்ட கோ கோதுமை ரகங்கள், எல்லாம் துருவை எதிர்த்து நிற்பதற்காக வளர்க்கப்பட்டவை. தமிழ்நாட்டு மலைவிவசாயி ஒருவர் இந்த ரகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் பயனில் ஒரு பங்கு மத்தியப் பிரதேசத்து விவசாயிக்குப் போகிறது. அவர் அதை உணர்ந்து செய்தாலும் உணராமல் செய்தாலும் அது அறச்செயல்தான்.

நல்ல ரகத்தை எல்லோரும் விதைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். இந்தக் கேள்வியின் மிகக் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறநெறி நூலில் ஓர் உரைகல்லை வைத்தார். நீ செய்யப்போகும் காரியத்தை உலகில் எல்லோரும் செய்தால் என்ன ஆகும் என்று யோசி. அப்போதும் அந்தக் காரியம் தன்னைத்தானே முறித்துக்கொள்ளாமல் நிற்குமானால் செய். கான்ட் தந்த இந்த உரைகல்லில் நல்ல விதையைத் தேய்த்துப் பார்த்தால் அதிர்ச்சி காத்திருக்கிறது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 1995இல் வெளியிட்ட பி.பி.டபிள்யூ 343 அருமையான ரகம். மகசூல் உண்டு, துரு அண்டாது. ஒவ்வொரு விவசாயியும் தனக்கு எது நல்லது என்று சரியாகவே சிந்தித்து அதையே வாங்கினார். உச்சத்தில் சுமார் 70 லட்சம் ஹெக்டேரில் அந்த ஒரே ரகம் நின்றது. அவ்வளவு பரப்பில் ஒரே மரபணு காவல் நின்றால், அதைத் தாண்டத் தெரிந்த ஒரு பூசணம் பிறந்ததும் அதற்கு முன்னால் நாடு முழுவதும் பந்தி விரித்திருக்கும். 2000களின் முதல் பத்தாண்டுக்குள் அந்த ரகத்தின் மஞ்சள் துரு எதிர்ப்பு உடைந்துபோனது. 2011இல் வெளியான எச்.டி 2967 அந்த இடத்தைப் பிடித்தது. இன்னும் பெரிய பரப்பில் பரவியது. அதையும் மஞ்சள் துரு விட்டுவைக்கவில்லை.

எத்தியோப்பியாவில் இதைவிடக் கொடுமையாக நடந்தது. 2010இல் மஞ்சள் துரு அங்கே பெரும்பாடு படுத்தியது. அதைத் தாங்கும் டிகலு என்ற ரகத்தை அரசும் விவசாயிகளும் நம்பிப் பரப்பினார்கள். 2013 இறுதியில் கருந்துருவின் வேறொரு இனம் பாலே பகுதியில் டிகலு வயல்களைச் சூறையாடியது. தவறு செய்தவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் சரியானதைச் செய்தார்கள்; எல்லோரும் ஒரே சரியானதைச் செய்தார்கள்.

இதன் இயக்கத்தை வடக்கு டகோட்டாவின் ஹெரால்ட் ஃப்ளோர் 1940களில் ஆளிச் செடியின் துருவை வைத்து விளக்கிவிட்டார். செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்கு எதிராகப் பூசணத்தில் ஒரு மரபணு, பூட்டுக்குச் சாவிபோல. ஒரே பூட்டை ஊரெல்லாம் மாட்டினால் ஒரு கள்ளச்சாவி போதும். 1998இல் உகாண்டாவில் கண்ட யூஜி99 என்ற கருந்துரு இனம், கம்பு போன்ற வேறு புல்லினமான ரையிலிருந்து கோதுமைக்குள் கொண்டுவரப்பட்ட, உலகம் பல்லாண்டு நம்பியிருந்த எஸ்ஆர்31 மரபணுவை அப்படித்தான் தாண்டியது. பசுமைப் புரட்சியின் முன்னோடி நார்மன் போர்லாக் முதுமையில், 2009இல் மறையும்வரை, அதைப் பற்றித்தான் உலகை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே எதிர்ப்புத்திறன் என்பதைத் தனியார் சொத்தாக எண்ணுவதே பிழை. ஊர்க்குளத்து நீர் எப்படியோ அப்படித்தான் அதுவும்: எல்லோரும் ஒரே மடையைத் திறந்தால் வற்றிவிடும். கான்ட்டின் உரைகல்லில் தேறும் நெறி ‘சிறந்த ரகத்தை விதைப்பேன்’ என்பதாக இருக்க முடியாது. ‘என் பகுதியில் எல்லோரும் விதைக்கும் ரகத்தையே நிலம் முழுதும் விதைக்கமாட்டேன், எதிர்ப்பு மரபணு வேறுபட்ட இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து விதைப்பேன்’ என்பதுதான் தேறும். கன்சாஸில் வேளாண் விரிவாக்க அலுவலர் சொல்வதும் பஞ்சாபில் சொல்வதும் இதைத்தான். அவர்கள் அதை இழப்பைக் குறைக்கும் வழியாகச் சொல்கிறார்கள். அறமாகவும் அதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் ஒரு தத்துவம் பொதிந்திருக்கிறது. எல்லா எதிர்ப்பும் பூட்டு-சாவி வகை இல்லை. சில மரபணுக்கள் துருவை முழுதாகத் தடுப்பதில்லை. அதன் வளர்ச்சியை மெதுவாக்கும். இலையில் சில கொப்புளங்கள் வரும், ஆனால் நோய் வேகம் எடுப்பதற்குள் மணி முற்றிவிடும். எல்ஆர்34 என்ற மரபணு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகப் பல நாடுகளின் வயல்களில் இருந்தும் அதை வெல்லும் துரு இனம் தோன்றவில்லை. எஸ்ஆர்2 அதைப் போன்றது. தெற்கு டகோட்டாவின் எட்கர் மெக்ஃபேடன் 1916இல் ‘மார்க்விஸ்’ கோதுமையையும் எம்மர் என்ற பழங்கோதுமையையும் இனக்கலப்பு செய்து உருவாக்கத் தொடங்கிய ‘ஹோப்’ ரகம் வழியாக அது உலகெங்கும் பரவி, இன்றும் பயன் தருகிறது. இந்த மரபணுக்கள் செடியில் தழும்பு விட்டுச் செல்கின்றன: எல்ஆர்34 இலை நுனியைக் காயவைக்கும், எஸ்ஆர்2 கதிர் உமியைக் கருக்கவைக்கும். எதிரியை முற்றாக ஒழிப்பேன் என்ற எதிர்ப்பு சில ஆண்டுகளில் உடைகிறது. கொஞ்சம் இழப்பை ஏற்று, எதிரிக்கும் கொஞ்சம் இடம் விட்டு நிற்கும் எதிர்ப்பு நூறாண்டு நிலைக்கிறது. முழு வெற்றியின் நெருக்கடி இல்லாதபோது பூசணத்துக்கும் மாறியே தீர வேண்டிய கட்டாயம் குறைகிறது. ஆயுதம் எடுக்க மறுத்த மென்னோனைட்டுகளுக்கு இந்தச் செய்தி பிடித்திருக்கும்.

ஆனால் வயலில் நிற்பவரிடம் இது சுலபத்தில் எடுபடாது. இலையில் நாலு கொப்புளம் கண்டதும் ரகம் கெட்டுவிட்டது என்று மருந்து தெளிக்க ஓடுவார். கடன் வாங்கி விதைத்தவரிடம் இழப்பைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அறநெறிப் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில் நழுவிவிடுகிறது. பொதுநன்மைக்காகத் தியாகம் செய்யச் சொல்லும்போது, தியாகம் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

2016இல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் என்ற வேறொரு பூசண நோய் முதன்முறையாக ஆசியாவில் தோன்றி சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. அது இந்தியாவுக்குள் பரவாமல் தடுக்க, 2017இல் மேற்கு வங்க அரசு முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலும் எல்லையை ஒட்டிய ஐந்து கிலோமீட்டர் பட்டையிலும் கோதுமை விதைக்கத் தடை போட்டது. கோதுமை விடுமுறை என்று அதற்குப் பெயர். முடிவு சரியானது. பூசணத்துக்கு உணவு இல்லாத ஒரு வெளியை உருவாக்குவதுதான் வேறு மருந்தில்லாத நேரத்தில் செய்யக்கூடியது. ஆனால் அந்த வெளி வெறும் நிலம் அன்று. அங்கே உழுது பிழைத்தவர்கள் இருந்தார்கள். பஞ்சாபின் கோடிக்கணக்கான மூட்டைகளைக் காக்க அவர்கள் தங்கள் பயிரை மாற்றினார்கள். ரோபிகஸுக்கு நாயைப் பலியிட்ட ரோமானியரிடமிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம் என்று பெருமைப்படும் முன், நம் பலிபீடத்தில் யார் நிற்கிறார் என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

தனி விவசாயியின் கடமை அளவோடு இருக்க வேண்டும்: தானே முளைத்ததை அழிப்பது, நாள் பார்த்து விதைப்பது, ஒரே ரகத்தில் முழு நிலத்தையும் வைக்காமல் இருப்பது, புதிய நோயைக் கண்டால் மறைக்காமல் சொல்வது. இதற்கு மேல் அவரிடம் கேட்பது அநீதி. எந்தப் பகுதிக்கு எந்த மரபணு என்று பங்கிடுவது, ஒரே ரகம் நாட்டை மூடிவிடாமல் விதை வழங்குவது, மெதுவாக்கும் எதிர்ப்பை ரகங்களில் அடுக்குவது, ஆய்வு நிலையங்களைக் கைவிடாமல் நடத்துவது ஆகியவை அரசின் கடமை. விதை நிறுவனங்களின் கடமை. நீலகிரியில் கோதுமையை உருளைக்கிழங்கும் கேரட்டும் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டன. மீதமிருப்பவர் துரு தாங்கும் ரகத்தை விதைப்பதால் மத்திய இந்தியா பயன் பெறுகிறது என்றால், அந்த விதையின் விலையை அவரே முழுதும் சுமக்கக் கூடாது.

அடுத்த முறை நாட்டின் ஏதோ ஒரு மூலையில், நோய் பரவாமல் தடுக்க இந்தப் பயிரை இங்கே விதைக்காதே என்று உத்தரவு வரும்போது, அந்த உத்தரவிலேயே இழப்பீட்டுத் தொகையும் அது வந்துசேரும் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோதுமையை விளைவிக்காமல் அதை உண்ண மட்டும் செய்கிற நாம்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.